வீடு வாங்க வரும் வெளியூரார்

திருவொற்றியூரில் ஒரு தெரு. அதில் 20 வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விலைக்கு வருவது 2 வீடுகள்தான். உள்ளூர்க்காரர் 30 லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்கிறார். வெளியிலிருந்து வந்தவர் 40 லட்சம் தருகிறார். வீடு யாருக்குப் போகும்?

விற்றது 2 வீடுகள்தான். ஆனால் மீதி 18 வீட்டுக்காரர்களும் அன்று முதல் அதே விலையைத்தான் சொல்வார்கள்!

ரெயில் வந்தது

2021 பிப்ரவரி 14-ந் தேதி, வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 9 கிலோ மீட்டர் தூரம் மெட்ரோ ரெயில் ஓடத் தொடங்கியது. பயண நேரம் குறைந்தால், தொலைவில் வேலை பார்ப்பவரும் அங்கே வீடு தேடுவார் அல்லவா?

யாருக்கு லாபம்?

சொந்த வீடு உள்ளவருக்கு லாபம். குடிக்கூலிக்கு இருக்கும் மீனவருக்கும் துறைமுகத் தொழிலாளிக்கும் கஷ்டம். வாடகை ஏறினால், பிழைப்பு ஓரிடம், குடியிருப்பு வேறிடம் என்றாகிவிடும்.

மற்ற இடங்களில்

உல்லாசப் பயணிகள் கூடும் இமாசலப் பிரதேசத்தில், அம்மாநில விவசாயி அல்லாதவர் அரசாங்க அனுமதியின்றி நிலம் வாங்க முடியாது. இது 1972-ம் ஆண்டுச் சட்டம். சுவிட்சர்லாந்தில், ஓர் ஊரின் வீடுகளில் ஓய்வுக்கால வீடுகள் 20 சதவிகிதத்துக்கு மேல் கூடாது என்று 2012-ல் மக்களே வாக்களித்தார்கள்.

சென்னையில் அப்படித் தடை இல்லை. ஆனால், வாடகைச் சட்டம் ஒன்று 2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அமுலுக்கு வந்தது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். வாடகை உயர்வும் அதில் கண்டபடிதான். ஆகவே, வாடகைக்கு இருப்போர் வாய்ப்பேச்சை நம்பிவிடாமல், ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.