சின்னத் துளையா, பெரிய கீறலா?

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் சுமார் எட்டு கிலோ மீட்டர் சென்றால் நோணாங்குப்பம் வந்துவிடும். சுண்ணாம்பாறு கடலோடு கலக்கப் போகும் வழியில் உள்ள ஊர். விடுமுறை நாட்களில் படகுத் துறையில் வெளியூர்க்காரர்களின் கூட்டம் சொல்லி முடியாது. அதே சமயத்தில் சாலையின் எதிர்ப் பக்கத்தில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் உள்ளூர்க்காரர்களில், கையில் ஆஸ்பத்திரிச் சீட்டும் பழைய எக்ஸ்ரே உறையும் வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்கள் போக வேண்டிய இடம் நகரத்தின் மறு கோடியில், கோரிமேட்டில் இருக்கிறது. அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், முதலியார்பேட்டை என்று நின்று நின்று, ஊரைத் தெற்கு வடக்காகக் கடந்து ஜிப்மரை அடைய வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் ஆரம்பித்த வைத்தியப் பள்ளி, புதுவை விடுதலைக்குப் பின் 1956-ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964-ல் ஜிப்மர் என்ற பெயரைப் பெற்றது. புதுவை மக்கள் மட்டுமின்றி கடலூர், விழுப்புரம் மாவட்டத்து ஏழை மக்களும் பெரிய வியாதி என்றால் நம்பிப் போகும் வாசல் அது.

நோணாங்குப்பத்துப் பெண் ஒருத்திக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று தெரிய வருவதாக வைத்துக் கொள்வோம். நோய் ஆரம்ப நிலையில்தான் இருக்கிறது, ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்கிறார். வீட்டார் கேட்கும் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? “வயிற்றைக் கிழிப்பார்களா, ஓட்டை போட்டுச் செய்வார்களா?” என்பதுதான்! அடுத்த தெரு அக்கா பித்தப்பைக் கல்லுக்கு ஓட்டை ஆபரேஷன் செய்துகொண்டு, நாலாம் நாள் வீட்டில் நடமாடியதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஆகவே கேள்வி நியாயமானதே. ஆனால் இந்தக் கேள்விக்கு 2018-ம் ஆண்டில் கிடைத்த பதில், உலகத்துப் பெரிய பெரிய ஸர்ஜன்களையெல்லாம் திகைக்க வைத்துவிட்டது.

வியன்னாவில் பிறந்த முறை

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வயிற்றைத் திறந்து செய்யும் பெரிய ஆபரேஷனை வகுத்தவர் வியன்னா நகரத்து டாக்டர் எர்ன்ஸ்ட் வெர்ட்ஹைம். ஆண்டு 1898. கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் போதாது; அதைத் தாங்கி நிற்கும் சதை நார்களையும், அதற்குக் கீழே உள்ள பாதையின் மேல் பகுதியையும், நோய் முதலில் போய்த் தங்கக்கூடிய நெறி முடிச்சுகளையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. மயக்க மருந்தும் ரத்தம் ஏற்றுவதும் இன்றுபோல் இல்லாத காலம். ஆபரேஷனாலேயே இறந்தவர்கள் பலர். ஆனாலும் வெர்ட்ஹைம் எதையும் மறைக்கவில்லை. தாம் செய்த 500 ஆபரேஷன்களின் கணக்கையும் 1911-ல் புத்தகமாகவே வெளியிட்டுவிட்டார். அந்த நேர்மைக்காகவே அவரைக் கும்பிடலாம்.

நம் நாட்டிலும் இதில் பெயர் பெற்றவர் உண்டு. கல்கத்தா சித்தரஞ்சன் புற்றுநோய் ஆஸ்பத்திரியின் டாக்டர் சுபோத் மித்ரா, கர்ப்பப்பையைக் கீழ் வழியாக எடுத்துவிட்டு, நெறி முடிச்சுகளை வயிற்றறைக்குள் நுழையாமலே நீக்கும் முறையை வகுத்தார். அது ‘மித்ரா ஆபரேஷன்’ என்றே அயல்நாடுகளிலும் வழங்கியது.

இந்நிலையில் 1990-களில் லாப்ராஸ்கோப் வந்தது. வயிற்றில் நாலைந்து சிறு துளைகள். ஒன்றின் வழியே காமிரா. மற்றவற்றின் வழியே நீண்ட மெல்லிய கருவிகள். வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி உப்பவைத்து, டெலிவிஷன் திரையைப் பார்த்துக்கொண்டே டாக்டர் வேலை செய்வார். ரத்தச் சேதம் குறைவு. வலி குறைவு. சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். தழும்போ கண்ணுக்கே தெரியாது. 2000-க்குப் பிறகு அந்தக் கருவிகளை ரோபாட் பிடித்துக்கொள்ளும் வசதியும் சேர்ந்தது. இத்தனை நன்மைகளைப் பார்த்த பிறகு யாருக்குத்தான் சந்தேகம் வரும்? “நோயை எடுப்பதில் இரண்டும் ஒன்றே, சௌகரியத்தில் துளை ஆபரேஷனே உயர்ந்தது” என்ற அபிப்பிராயம் வேரூன்றிவிட்டது.

அப்போது வெளிவந்த ஆய்வுகளும் அதற்கு ஒத்தே பாடின. ஆனால் அவற்றில் ஒரு கோளாறு இருந்தது. சின்னக் கட்டி உள்ளவர்களுக்குத் துளை, பெரிய கட்டி உள்ளவர்களுக்குக் கத்தி என்று டாக்டர்களே பிரித்துவிட்ட பிறகு, இரு சாராரையும் ஒப்பிட்டால் துளைதானே ஜெயிக்கும்? அதோடு, எத்தனை அவுன்ஸ் ரத்தம் போயிற்று, எத்தனை நாள் படுக்கை என்று எண்ணிய அளவுக்கு, ஐந்து வருஷம் கழித்து யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணியவர்கள் அதிகமில்லை.

சீட்டுக் குலுக்கிய கதை

சரியாகத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. யாருக்கு எந்த ஆபரேஷன் என்பதை டாக்டரும் தீர்மானிக்கக்கூடாது, நோயாளியும் தீர்மானிக்கக்கூடாது. நோயாளிகளின் சம்மதத்தைப் பெற்றுச் சீட்டுக் குலுக்குவது போல் பிரித்துவிட்டு, வருஷக்கணக்கில் பின்தொடர வேண்டும். உயிர் விஷயத்தில் சீட்டுக் குலுக்கலா என்று வாசகர்கள் முகம் சுளிக்கலாம். எது நல்லது என்று ஒருவருக்கும் தெரியாதபோது, தெரிந்ததாக நடிப்பதைவிட இதுவே தர்மம்.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் நிலையத்தின் டாக்டர் பெத்ரோ ராமிரெஸ் தலைமையில் 2008-ல் இப்படி ஓர் ஆய்வு தொடங்கியது. உலகெங்கும் 33 ஆஸ்பத்திரிகள் அதில் கலந்துகொண்டன. துளை முறையில் கைதேர்ந்தவர்களே ஆபரேஷன் செய்தார்கள். ஆய்வை நடத்தியவர்கள் துளை முறைக்கு விரோதிகள் அல்ல. அது பழைய முறைக்குச் சளைத்ததல்ல என்று ருசுப்படுத்துவதே அவர்கள் எண்ணமாக இருந்தது.

740 பெண்களைச் சேர்க்கத் திட்டமிட்டிருந்தார்கள். ஆனால் 631 பேர் சேர்ந்த நிலையில், கணக்கைக் கண்காணித்து வந்த தனிக் குழு ஆய்வை நிறுத்தும்படி சொல்லிவிட்டது. காரணம், மரணங்கள் ஒரே பக்கத்தில் குவிந்துகொண்டிருந்தன.

2018 நவம்பரில் முடிவு வெளியாயிற்று. துளை முறைக்கென்று பிரிக்கப்பட்டவர்கள் 319 பேர். அவர்களில் 27 பேருக்கு நோய் திரும்பியிருந்தது, 19 பேர் இறந்திருந்தார்கள். வயிற்றைத் திறக்கும் முறைக்கென்று பிரிக்கப்பட்டவர்கள் 312 பேர். நோய் திரும்பியது 7 பேருக்கு, இறந்தவர்கள் 3 பேர். நாலரை வருஷம் நோயின்றி இருப்பவர்கள் திறந்த முறையில் நூற்றுக்கு 96.5, துளை முறையில் 86 என்று கணக்கிட்டார்கள். அதே சமயத்தில் வெளிவந்த இன்னோர் ஆய்வு, 2010 முதல் 2013 வரை அமெரிக்காவில் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட 2,461 பெண்களின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தது. நாலு வருஷத்தில் இறந்தவர்கள் துளை முறையில் 9.1 சதவிகிதம், திறந்த முறையில் 5.3 சதவிகிதம். 2006-ல் துளை முறை பரவத் தொடங்கியதிலிருந்து, அந்த நாட்டில் இந்த ஆபரேஷனுக்குப் பின் பிழைத்திருப்பவர்களின் விகிதமே வருஷா வருஷம் சரிந்து வந்ததையும் அது காட்டியது.

ராமிரெஸ் குழுவினர் தங்கள் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, 2024-ல் இறுதிக் கணக்கையும் வெளியிட்டார்கள். நாலரை வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் திறந்த முறையில் 96.2 சதவிகிதம், துளை முறையில் 90.6 சதவிகிதம். ஆறு வருஷத்தில் முடிவு மாறவில்லை.

இன்னொன்று கேளுங்கள். சௌகரியத்துக்காகத்தானே துளை முறையை நாடினார்கள்? ஆபரேஷனுக்குப் பின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று இரு சாராரையும் கேட்டதில், வித்தியாசம் ஒன்றும் பெரிதாக இல்லை என்று 2020-ல் அதே ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

ஏன் இப்படி?

காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாவிட்டாலும், நிபுணர்கள் சந்தேகிப்பவை சில. துளை முறையில் கர்ப்பப்பையை இப்படியும் அப்படியும் அசைக்க, கீழ் வழியாக ஒரு கம்பியைச் செலுத்துவது வழக்கம். அது கட்டியிருக்கும் இடத்தின் வழியாகவே போகிறது. பிறகு, கர்ப்பப்பையை அறுத்துப் பிரிக்கும் நேரத்தில் கட்டியின் வாய் வயிற்றறைக்குள் திறந்துகொள்கிறது. நோய் அணுக்கள் உள்ளே சிந்த இடமுண்டு. உள்ளே சுழலும் வாயுவும் அவற்றைப் பரப்பலாம். அந்தக் கம்பியைப் பயன்படுத்தியவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பியதாக ஐரோப்பாவில் பழைய பதிவுகளைத் தொகுத்த ஓர் ஆய்வு 2020-ல் சொன்னது.

இதைப் படித்துவிட்டு, துளை ஆபரேஷனே ஆகாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பெருங்குடல் புற்றுநோய்க்கு 1990-களின் தொடக்கத்தில் இதே முறை வந்தபோது, துளை போட்ட இடத்திலேயே நோய் முளைக்கிறது என்ற பயம் எழுந்தது. அங்கே டாக்டர்கள் அவசரப்படவில்லை. 872 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துப் பார்த்தார்கள். 2004-ல் வந்த முடிவில், மூன்று வருஷத்துக்குள் நோய் திரும்பியது துளை முறையில் 16 சதவிகிதம், திறந்த முறையில் 18 சதவிகிதம். அதாவது, வித்தியாசமில்லை. குடலுக்குப் பொருந்தியது கர்ப்பப்பை வாய்க்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். கர்ப்பப்பை வாய்ப் புற்றிலேயே கூட, இரண்டு சென்டி மீட்டருக்கு மேற்படாத சிறு கட்டியானால் வெர்ட்ஹைமின் முழு ஆபரேஷன் வேண்டியதில்லை, கர்ப்பப்பையை எடுக்கும் எளிய ஆபரேஷனே போதும் என்று 700 பெண்களிடம் நடந்த ஆய்வு 2024-ல் காட்டியிருக்கிறது. மூன்று வருஷத்தில் அடிவயிற்றில் நோய் திரும்பியது முழு ஆபரேஷனில் 2.17 சதவிகிதம், சிறு ஆபரேஷனில் 2.52 சதவிகிதம். சிறுநீர்த் தொல்லைகளும் குறைவு.

நம் நாட்டு ஆய்வு ஒன்றையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். மார்பகப் புற்றுநோய்க் கட்டியை எடுப்பதற்குச் சில நிமிஷங்கள் முன்னால், கட்டியைச் சுற்றி லிக்னோகெய்ன் என்ற மரப்பு ஊசியைப் போட்டால் என்ன ஆகும் என்று பம்பாய் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியின் டாக்டர் ராஜேந்திர பாட்வே தலைமையில் பார்த்தார்கள். பல் பிடுங்கும்போது போடும் அதே ஊசி! பதினோரு இந்தியப் புற்றுநோய் நிலையங்கள், 1,600 பெண்கள். 2023-ல் வெளியான முடிவின்படி, ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 90.1 சதவிகிதம், போடாதவர்களில் 86.4 சதவிகிதம். கோடிக்கணக்கான ரூபாய் ரோபாட்டின் படத்தைப் பெரிய விளம்பரப் பலகையில் போடுகிறவர்கள், சொற்ப விலை ஊசிக்குப் பலகை வைக்கமாட்டார்கள். அந்த ரோபாட்டைப் பற்றி அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவே 2019 பிப்ரவரியில், புற்றுநோய்ச் சிகிச்சையில் அதன் பத்திரமும் பலனும் நிலைநாட்டப்படவில்லை என்று எச்சரித்திருந்தது.

வராமல் போனவர்கள்

இந்தக் கணக்குகளுக்கெல்லாம் ஆதாரம் ஆபரேஷன் மேஜையில் இல்லை. அதற்குப் பிறகு நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்து வந்து காட்டுவதில்தான் இருக்கிறது. இந்த நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருஷங்களில் திரும்பும். ஆகையால் முதல் இரண்டு வருஷம் மூன்று நாலு மாதத்துக்கு ஒரு தடவையும், பிறகு ஐந்து வருஷம் முடியும் வரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவையும் வரச் சொல்வார்கள்.

சொல்வது சுலபம். ஐந்து வருஷத்தில் பன்னிரண்டு தடவைக்குக் குறையாமல் பஸ் ஏறி, ஊரைக் கடந்து, வரிசையில் நின்று, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். உடம்பு நன்றாயிருக்கும்போது எதற்கு என்று தோன்றும். மருமகளுக்குப் பிரசவம், கோயில் திருவிழா, நடவு வேலை என்று தவணை தள்ளிப் போகும். டெலிபோன் நம்பர் மாறிவிடும். ஆஸ்பத்திரிப் பதிவில் அந்தப் பெண் உயிரோடு இருப்பவளுமல்ல, இறந்தவளுமல்ல. ‘தகவல் இல்லை’ என்ற வரிசையில் சேர்ந்துவிடுவாள். அந்த வரிசை நீண்டுவிட்டால், எந்த ஆபரேஷன் நல்லது என்று சொல்ல ஆஸ்பத்திரிக்கு வாயில்லை.

இதை நன்கு உணர்ந்தவர்கள் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தோன்றிய அந்த நிலையத்தில், 1982 முதல் சென்னை நகரத்துப் புற்றுநோயாளிகள் அனைவரையும் பதிவு செய்யும் வேலை நடந்து வருகிறது. நோயாளி வரட்டும் என்று அவர்கள் காத்திருப்பதில்லை. ஊழியர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்ப் பெயர்களைச் சேகரிக்கிறார்கள். மரணப் பதிவேடுகளையும் எடுத்துவைத்து, தங்கள் ஜாபிதாவில் உள்ள பெயரும் வயதும் விலாசமும் அதில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்கிறார்கள்.