காவிரிப் படுகையில் உயர்நிலைப் பள்ளி மாணவர் மனநலம்

மனநலம் என்பது நோய் இல்லாத நிலையை மட்டும் குறிப்பதன்று. வயதுக்கேற்ற உறக்கம், பசி, நட்பு, பாடத்தில் ஓரளவு கவனம், தோல்வி வந்தால் சில நாட்களில் அதிலிருந்து மீளும் திறன் ஆகியவை சேர்ந்ததே ஒரு மாணவரின் மனநலம். மனநலக் கோளாறுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. தமிழ்நாட்டில் 14 வயது என்பது 9ஆம் வகுப்பு. எனவே மருத்துவர் பார்ப்பதற்குப் பல மாதங்கள் முன்பே மாற்றத்தைப் பார்க்கும் வாய்ப்பு வகுப்பாசிரியருக்குத்தான் உண்டு.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இங்கு ஒரு மாணவரின் மனச்சுமை பல நேரங்களில் அவருக்குள் தொடங்குவதில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, நெல் விலைபோனதா, நகை மீட்கப்பட்டதா என்பவற்றில் தொடங்குகிறது. ஆகையால் "தைரியமாக இரு" என்ற அறிவுரை மட்டும் போதாது. சுமையின் காரணத்தில் கை வைக்கும் ஏற்பாடுகளே அதிகம் பயன் தந்துள்ளன.

வயலின் நாட்காட்டியும் பள்ளியின் நாட்காட்டியும்

குறுவைக்காக மேட்டூர் அணை திறக்கப்படும் வழக்கமான நாள் சூன் 12. பள்ளிகள் திறப்பதும் அதே மாதம். கட்டணம், சீருடை, நோட்டுப் புத்தகம், விதைநெல், உழவுக் கூலி எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். சம்பா அறுவடை தை, மாசி மாதங்களில் நடக்கிறது. 10, 12ஆம் வகுப்புகளுக்குத் திருப்புதல் தேர்வுகள் நடப்பதும் அப்போதுதான், மார்ச்சில் பொதுத்தேர்வு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டு, மழைக்குப் பயந்து இரவெல்லாம் காவல் இருக்கும் தந்தைக்குத் துணையாகப் போகும் மகன் மறுநாள் முதல் பாடவேளையில் தூங்கினால், அதைச் சோம்பல் என்று எழுதிவிடுவது எளிது.

2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 சனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அறிவிக்கப்பட்டன. அடுத்த இரண்டு மாதங்களில் பொதுத்தேர்வு எழுதிய படுகைப் பிள்ளைகள் கருகிய சம்பாவைத் தாண்டித்தான் தேர்வு மையத்துக்குப் போனார்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. தென்னை மீண்டும் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், அன்று 9ஆம் வகுப்பில் இருந்தவர் பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை அந்த இழப்பு வீட்டில் இருந்துகொண்டே இருந்தது.

தந்தை சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ திருப்பூரிலோ இருக்க, தாயோ அப்பத்தாவோ வீட்டை நடத்தும் குடும்பங்களும் இங்கு ஏராளம். மூத்த பிள்ளை 15 வயதில் குடும்பத் தலைவர் ஆகிவிடுகிறார். வங்கிக்குப் போவது, கடன் கேட்டு வந்தவருக்குப் பதில் சொல்வது எல்லாம் அவர் தலையில் விழும். பெண் பிள்ளையாக இருந்தால், பத்தாம் வகுப்பு முடிவதற்குள் வரன் பேச்சு வேறு தொடங்கிவிடும்.

அடையாளம் காணல்

மனநலப் பாடநூல்கள் சொல்லும் அறிகுறிகள் வகுப்பறையில் வேறு உருவத்தில் தெரியும். ஒழுங்காக வந்தவர் திங்கட்கிழமைகளில் மட்டும் வராமல் போவது, முத்தான கையெழுத்து திடீரெனச் சிதைவது, மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே எடுத்துப் போவது, கூட்டாளிகளை விட்டுத் தனியே உட்காருவது, சிறு சொல்லுக்கும் சீறுவது ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். ஒரு நாள் நடந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பேச வேண்டும். தான் இருந்து என்ன பயன் என்ற பேச்சு வந்தாலோ, விருப்பமான பொருள்களைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினாலோ இரண்டு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

வருகைப் பதிவேடு இதில் ஒரு நல்ல கருவி. நடப்பு மாதத்தை முந்தைய மூன்று மாதங்களுடன் ஒப்பிட்டுப் பார்த்தாலே பல செய்திகள் வெளிவரும். ஆனால் அது பெரும்பாலும் கையெழுத்திடுவதற்கு மட்டுமே திறக்கப்படுகிறது.

பசியையும் உறக்கத்தையும் முதலில் விசாரிப்பது நல்லது. அரசின் சத்துணவு 10ஆம் வகுப்பு வரைதான். மேல்நிலை வகுப்பில் காலைச் சிறப்பு வகுப்புக்காக முதல் பேருந்தைப் பிடிக்கும் கிராமத்துப் பிள்ளை மாலை வரை எதைச் சாப்பிட்டார் என்று கேட்பவர் குறைவு. வளரிளம் பருவத்தினருக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை. காலையிலும் மாலையிலும் சிறப்பு வகுப்பு வைத்துவிட்டு, இரவில் படிக்கவும் சொன்னால் கணக்கு உதைக்கிறது. இதைத் திருத்த உளவியலாளர் தேவையில்லை. கால அட்டவணை போடுபவர் மனம் வைத்தால் போதும்.

பேசும் முறை

ஆசிரியர் அறையில், பிறர் காதுபட விசாரித்தால் எந்த மாணவரும் வாய் திறக்க மாட்டார். மரத்தடியிலோ, ஏதாவது வேலையைச் சேர்ந்து செய்யும்போதோ பேச்சு எளிதாக வரும். "உனக்கு என்ன பிரச்சினை?" என்பதைவிட, "என்னப்பா, நாலு நாளாச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லையே?" என்று கண்ணால் பார்த்ததைக் கேட்பது நல்லது. பதில் வராவிட்டாலும் கேட்டது வீணாகாது. பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது முறைதான் பதில் வரும்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடக் கூடாது. உயிருக்கு ஆபத்து, பாலியல் கொடுமை, குழந்தைத் திருமண ஏற்பாடு ஆகியவற்றில் மறைத்துவைப்பது பிள்ளைக்குத்தான் கேடு. பாலியல் கொடுமையைத் தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றமும் ஆகும். சொன்னதில் எதை யாரிடம் கொண்டுபோகப் போகிறோம் என்பதை மாணவரிடமே கூறிவிட்டால் நம்பிக்கை கெடாது.

தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் பரவலாக இருக்கிறது. அது தவறு. அமைதியாகக் கேட்கப்படும் அந்தக் கேள்வி பலருக்கு ஆறுதலாகவே அமைகிறது. உண்டு என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாமல், பெற்றோர் அல்லது மருத்துவர் கையில் ஒப்படைக்கும்வரை ஒருவர் உடன் இருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, தண்டனையின்றிச் சிகிச்சை தரச் சொல்கிறது. வழக்கு வருமே என்று மறைக்க வேண்டிய நிலை இன்று இல்லை.

தேர்வு முடிவு நாள்

தமிழ்நாட்டில் மாணவர் மனநலத்துக்கு மிகுந்த பயன் தந்த ஏற்பாடுகளுள் ஒன்று தேர்வுத் துறையிலிருந்து வந்தது. முன்பு பொதுத்தேர்வில் ஒரு பாடத்தில் தவறினாலும் செப்டம்பர், அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். ஓர் ஆண்டு போய்விடும். 2000களின் தொடக்கத்தில் உடனடித் துணைத் தேர்வு முறை வந்தது. மே மாதம் தவறியவர் சில வாரங்களில் மீண்டும் எழுதி, அதே ஆண்டில் மேற்படிப்பில் சேரலாம். 1986இல் சென்னையில் சினேகா அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் இலட்சுமி விஜயகுமார், இந்த ஏற்பாடு இளம் உயிர்களைக் காத்தது என்று எடுத்துக்காட்டி வருகிறார். 2017 முதல் மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிக்கும் வழக்கமும் நிறுத்தப்பட்டது. கடைத்தெருப் பிளக்ஸ் பலகைகளுக்கு மட்டும் அந்த ஆணை எட்டவில்லை போலும்.

முடிவுகள் இப்போது நேரடியாகக் கைப்பேசிக்கு வருவதால், தவறிய மாணவர் அந்த நேரத்தில் வீட்டில் தனியாக இருக்க நேர்கிறது. பெற்றோர் வயலில் இருப்பார்கள். தவறக்கூடும் என்று ஆசிரியருக்கு முன்பே தெரிந்த நாலைந்து பேரின் வீட்டுக்கு முதல்நாளே பேசி, மறுநாள் பெரியவர் ஒருவரை உடன் இருக்கச் சொல்வதும், முடிவு வந்த உடனே துணைத் தேர்வு விண்ணப்பத் தேதியைத் தெரிவிப்பதும் செலவில்லாத வேலைகள்.

வேளாண் வீட்டில் ஒரு காவல்

நெல் விளையும் ஊரில் பூச்சிமருந்து இல்லாத வீடு அரிது. மன நெருக்கடியின் உச்சம் பெரும்பாலும் குறுகிய நேரமே நீடிக்கும். அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும். படுகையின் வடபகுதியில், வீராணம் ஏரிப் பாசனம் பெறும் காட்டுமன்னார்கோயில் வட்டத்தில் சினேகா இதைச் சோதித்துப் பார்த்தது. இரண்டு ஊர்களில் பொது வைப்பறை கட்டி, உழவர்கள் ஒவ்வொருவருக்கும் பூட்டுப் பெட்டி தந்து, மருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே வைக்கச் செய்தார்கள். அத்தகைய அறை இல்லாத ஊர்களுடன் ஒப்பிட்டபோது இவ்வூர்களில் தற்கொலைகள் குறைந்தன. 2013இல் இந்த ஆய்வு வெளியானது. பொது அறை இல்லாத ஊரில், பூட்டிய பெட்டியில் வைத்துச் சாவியைப் பெரியவர் வைத்திருக்கலாம். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பேச்சுக்கு முன் இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

உதவி கிடைக்கும் இடங்கள்

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் இப்போது அரசு மருத்துவக் கல்லூரிகள் உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் வட்ட மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வருவார்கள். அந்த நாட்களை எழுதிப் பள்ளிப் பலகையில் ஒட்டிவைக்கலாம்.

"காத்துக் கருப்பு" என்று எண்ணிக் குணசீலம் கோயிலுக்கோ நாகூர் தர்காவுக்கோ பிள்ளையை அழைத்துப் போகும் குடும்பத்துடன் வாதாட வேண்டியதில்லை. வேண்டுதலும் நடக்கட்டும், மருந்தும் நடக்கட்டும் என்று சொன்னால் பெரும்பாலோர் இசைவார்கள்.

தொலைபேசியில் 14416 என்ற டெலி மனஸ் எண் 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது; தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மாநில நலவாழ்வுச் சேவை எண் 104, பள்ளிக் கல்வி வழிகாட்டி எண் 14417, குழந்தைத் திருமணம் உள்ளிட்ட ஆபத்துகளுக்கு 1098. மாணவரிடம் சொந்தக் கைப்பேசி இல்லாவிட்டால், தலைமையாசிரியர் அறைத் தொலைபேசியில் தனியே பேச இடம் தர வேண்டும்.