600 டாலர் நிதி, 16,900 டாலர் மிச்சம்: பல்பு விற்பனையின் கணக்கு

நிதி திரட்டுவதற்காகச் சாக்லேட்டும் பரிசுப் பொதித் தாளும் விற்பது அமெரிக்கப் பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் நெடுநாள் வழக்கம். 2000-களின் பிற்பகுதியில் சில குழுக்கள் அவற்றுக்குப் பதிலாக மின்சாரத்தை மிச்சப்படுத்தும் சிஎஃப்எல் பல்புகளை விற்றன. இதில் யாருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதை அறிய ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். 100 வீடுகள், வீட்டுக்கு 4 பல்புகள், பல்பு ஒன்று 3 டாலர், அதில் குழுவுக்கு நிற்பது 1.50 டாலர் என்று கொள்வோம். விற்பனை 400 பல்புகள், வசூல் 1,200 டாலர், நிதி 600 டாலர்.

60 வாட் குண்டு பல்பும் 13 வாட் சிஎஃப்எல்லும் ஏறக்குறைய ஒரே அளவு, அதாவது சுமார் 800 லூமென் வெளிச்சம் தருகின்றன. வித்தியாசம் 47 வாட். நாளுக்கு 3 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு 1,095 மணி, மிச்சம் 51.5 யூனிட். 2008-இல் அமெரிக்க வீடுகளுக்கான சராசரி மின்கட்டணம் யூனிட்டுக்கு 11.26 சென்ட். எனவே ஒரு பல்பு ஆண்டுக்கு 5.80 டாலர் மிச்சப்படுத்துகிறது. கொடுத்த 3 டாலர் ஆறு மாதத்துக்குச் சற்று மேலான காலத்தில் திரும்பிவிடுகிறது.

சிஎஃப்எல்லின் ஆயுளை 8,000 மணி என்று வைத்தால், பல்பு ஒன்றுக்கு மிச்சம் 376 யூனிட், 42.34 டாலர். 400 பல்புகளுக்கு 16,936 டாலர். நிதியைப் போல இது 28 மடங்கு. ஆயிரம் மணி நேரமே எரியும் குண்டு பல்புகளை எட்டு முறை வாங்கும் செலவு இதில் சேரவில்லை. அதே 1,200 டாலருக்குச் சாக்லேட் விற்று அதே 600 டாலர் திரட்டலாம். வாங்கியவருக்கு மின்கட்டணத்தில் மிச்சம் 0.

எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டியது பாதரசம். சிஎஃப்எல் ஒன்றில் சராசரியாக 4 மில்லிகிராம். 400 பல்புகளில் 1.6 கிராம். பழைய கண்ணாடி வெப்பமானி ஒன்றில் இருப்பது சுமார் 500 மில்லிகிராம் என்பதால், மொத்த விற்பனையும் சேர்ந்து மூன்று வெப்பமானிகளுக்குச் சமம். அளவு சிறிதுதான். ஆனால் அது 100 வீடுகளில் சிதறிக் கிடக்கிறது. விற்ற குழுவே எரிந்துபோன பல்புகளைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்தால்தான் இந்தக் கணக்கு முடியும்.

விலை குறையக் குறைய நிதி சுருங்கியது. 2007 முடிவதற்குள் 10 கோடி சிஎஃப்எல் விற்பதாக 2006 நவம்பரில் அறிவித்த வால்மார்ட், 2007 அக்டோபரிலேயே அந்த எண்ணை எட்டியது. கடையில் விலை 2 டாலராக இறங்கி, குழுவின் கொள்முதல் விலை 1.50 டாலரிலேயே நின்றால், பல்புக்குக் கிடைப்பது 50 சென்ட். 400 பல்புகளுக்கு 200 டாலர். நிதி மூன்றில் ஒரு பங்காகிறது. வீடுகளின் ஆண்டு மிச்சமான சுமார் 2,320 டாலர் அப்படியே இருக்கிறது.

அடுத்த மாற்றம் சட்டத்தால் வந்தது. 2007 டிசம்பரில் கையெழுத்தான எரிசக்திச் சட்டத்தின்படி 100 வாட் குண்டு பல்புக்கு 2012-இலும், 75 வாட்டுக்கு 2013-இலும், 60, 40 வாட்டுகளுக்கு 2014-இலும் கட்டுப்பாடு வந்தது. 2023 ஆகஸ்டு முதல் ஒரு வாட்டுக்குக் குறைந்தது 45 லூமென் என்ற விதி முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பழைய 60 வாட் பல்பு தந்தது வாட்டுக்குச் சுமார் 13 லூமென். 2023-இல் 13 வாட் சிஎஃப்எல்லைக் கழற்றி 9 வாட் எல்இடி மாட்டினால் ஆண்டு மிச்சம் 4.38 யூனிட், யூனிட்டுக்கு 16 சென்ட் வீதம் 70 சென்ட். 2008-இன் 5.80 டாலரில் இது 12 சதவீதம்.

அதே 2023-இல் 43 வாட் ஹாலஜன் பல்பு எரியும் வீட்டில் அதே எல்இடியை மாட்டினால் மிச்சம் 37.2 யூனிட், 5.96 டாலர். எல்இடி ஒன்றே, விலை ஒன்றே, மிச்சம் எட்டரை மடங்கு. மாட்டும் பல்பைவிடக் கழற்றும் பல்பே கணக்கைத் தீர்மானிக்கிறது.

இந்தியாவில் இதே கணக்கு பெரிய அளவில் நடந்தது. புதுச்சேரி முன்னோட்டத் திட்டத்துக்கு 2014-இல் எல்இடி பல்பு ஒன்று 310 ரூபாய்க்கு வாங்கப்பட்டது. மொத்தக் கொள்முதலால் அது பின்னர் 38 ரூபாய் வரை இறங்கியது. வீழ்ச்சி 88 சதவீதம். 2015 ஜனவரி 5-இல் தொடங்கிய மத்திய அரசின் உஜாலா எல்இடி திட்டத்தில் ஏழு ஆண்டுகளில் 36.78 கோடி பல்புகள் விநியோகமாயின. சுய உதவிக் குழுக்களும் விநியோகத்தில் ஈடுபட்டன.

அதன் ஆண்டு மிச்சமாக அரசு சொல்வது 4,778 கோடி யூனிட். பல்புக்கு 130 யூனிட். எல்லாப் பல்புகளும் 60 வாட் குண்டு பல்புக்கு மாற்றாக வந்த 9 வாட் எல்இடிகளே என்று கொண்டால், இதற்கு ஒவ்வொன்றும் நாளுக்கு 7 மணி நேரம் எரிய வேண்டும். 3 மணி நேரமே எரிந்தால் பல்புக்கு 55.8 யூனிட், மொத்தம் 2,054 கோடி யூனிட்; அரசின் மதிப்பீட்டில் 43 சதவீதம். அதுவும் பெரிய தொகைதான். ஆனால் எரியும் நேரத்தைப் பற்றிய ஓர் அனுமானம் விடையைப் பாதிக்குக் கீழே இறக்கிவிடுகிறது.

ரூபாய்க் கணக்கு வீட்டுக்கு வீடு மாறும். தமிழ்நாட்டில் 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 90 யூனிட் செலவழிக்கும் வீடு நாளுக்கு 3 மணி நேரம் எரியும் 60 வாட் பல்புகள் ஐந்தை 9 வாட் எல்இடிகளாக மாற்றினால், இரு மாதத்தில் 46 யூனிட் மிச்சம். கட்டணம் முன்பும் 0, பின்பும் 0. பல்பு 70 ரூபாய் வீதம் அந்த வீடு கொடுத்த 350 ரூபாய் மின்கட்டணத்தில் திரும்பாது. மிச்சம் அரசின் மானியச் செலவில் போய்ச் சேர்கிறது. அப்படிப்பட்ட வீட்டிடம் “கட்டணம் குறையும்” என்று சொல்லி விற்பது நியாயமாகாது.

2021 மார்ச்சில் பிகாரின் ஆராவில் தொடங்கிய கிராம உஜாலா திட்டம் கழற்றும் பல்பைக் கணக்கில் சேர்த்தது. எரியும் நிலையிலுள்ள குண்டு பல்பைக் கொடுத்தால் 10 ரூபாய்க்கு ஓர் எல்இடி தரப்பட்டது. வீட்டுக்கு அதிகபட்சம் 5. மீதிச் செலவைக் கார்பன் வரவுகளிலிருந்து ஈடுகட்டுவது திட்டம். பழைய பல்பு கைக்கு வந்ததால் ஒவ்வொரு விற்பனைக்கும் மிச்சத்தின் சான்று கிடைத்தது.

மாதிரி விற்பனையை 2023-இன் கட்டணத்தில், 9 வாட் எல்இடி கொண்டு மீண்டும் போட்டுப் பார்க்கலாம். 400 பல்புகளும் ஹாலஜனுக்கு மாற்றானால் வீடுகளின் ஆண்டு மிச்சம் 2,384 டாலர். 100 மட்டும் ஹாலஜனுக்கும் 300 சிஎஃப்எல்லுக்கும் மாற்றானால் 806 டாலர். 400-உம் சிஎஃப்எல்லுக்கு மாற்றானால் 280 டாலர். மூன்றிலும் நிதி அதே 600 டாலர். எனவே பல்பு விற்று நிதி திரட்டும் குழு, விற்ற எண்ணிக்கைக்குப் பக்கத்தில் திரும்பி வந்த பழைய பல்புகளின் எண்ணிக்கையையும் அவற்றின் வாட்டையும் எழுதி வைக்க வேண்டும். ஊருக்குச் சொல்லும் மிச்சக் கணக்கு அந்தப் பதிவிலிருந்து வரட்டும்.