மருத்துவர் ஏட்டில் நாடக வரிகள்

கிரேக்கத் தத்துவ அறிஞர் கிரிசிப்பஸின் நூலொன்றைக் கையில் வைத்திருந்தவரிடம், என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டார்களாம். ‘கிரிசிப்பஸ் எழுதிய மெடியா’ என்றாராம் அவர். மெடியா, யூரிப்பிடிஸ் இயற்றிய துன்பியல் நாடகம். அதை ஏறத்தாழ முழுவதுமாக மேற்கோள் காட்டியே கிரிசிப்பஸ் நூலை நிரப்பிவிட்டார் என்பது கேலி.

கி.மு. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்த ஸ்டோயிக் அறிஞரின் மேற்கோள் மோகத்தைக் கடுமையாகச் சாடியவர், கி.பி. 129-இல் பிறந்து ரோமாபுரியில் புகழ்பெற்ற மருத்துவர் கேலன். சிந்தனையின் இருப்பிடம் இதயமே என்று நிறுவக் கவிஞர்களைச் சாட்சிக்கு அழைத்தார் கிரிசிப்பஸ். மூளையே என்றார் கேலன். பன்றியின் குரல்வளைக்குச் செல்லும் நரம்பைக் கட்டினால் அதன் அலறல் நின்றுபோவதைப் பலர் முன்னிலையில் செய்துகாட்டியவர் அவர். உடற்கூறு வழக்கில் கவிஞர் சொல் சான்றாகாது என்பது அவரது கட்சி.

ஆயினும் அதே நூலில் மெடியாவை அவரும் விடவில்லை. செய்யப்போவது கொடுமை என்று அறிந்தும், சினம் அறிவை வென்றுவிட, பெற்ற பிள்ளைகளைக் கொல்லத் துணிகிறாள் அவள். அறிவும் சினமும் வெவ்வேறு ஆற்றல்கள் என்று கிரிசிப்பஸுக்கு எதிராக வாதிட, கேலனுக்கு அவள் தேவைப்பட்டாள். எதிர்க்கட்சியின் சாட்சியைத் தம் பக்கம் இழுக்கும் வழக்கறிஞரின் சாமர்த்தியம் இது. ஆய்வேடுகளைத் திருத்திய காலத்தில், சான்று தீரும் இடத்தில் மேற்கோள் முளைப்பதை நானும் கண்டிருக்கிறேன்.

கேலன் மீது எனக்கு மதிப்பு கூடியது வேறோர் இடத்தில். 192-இல் ரோமில் பெருந்தீ மூண்டது. புனித வீதியோரக் கிடங்கில் அவர் சேமித்திருந்த அரிய மருந்துகள், அறுவைக் கருவிகள், பொன், வெள்ளி, கடன் பத்திரங்கள், தம் கையாலேயே திருத்திப் படியெடுத்த நூல்கள் யாவும் எரிந்தன. படைவீரர் காவலும், கதவுகளைத் தவிர மரமே இல்லாத கட்டுமானமும் கொண்ட கிடங்குகள் அவை. அதனாலேயே வாடகையும் அதிகம். பாதுகாப்புக்குக் கூடுதல் விலை கொடுத்தவருக்கு நேர்ந்த இழப்பை, பொருளியல் படித்தவனால் எளிதில் கடந்துபோக முடிவதில்லை.

இவ்வளவு இழந்தும் நீங்கள் வருந்தாதது எப்படி என்று நண்பர் ஒருவர் கேட்க, கேலன் நீண்ட மடல் எழுதினார். நூற்றாண்டுகளாக அழிந்ததாகக் கருதப்பட்ட அம்மடல், 2005-இல் கிரேக்க நாட்டின் தெசலோனிகி நகரிலுள்ள விளாடடோன் மடாலயத்துச் சுவடியொன்றில் கிடைத்தது.

அதில் மீண்டும் யூரிப்பிடிஸ் வருகிறார். நாடுகடத்தல், அகால மரணம் முதலிய துயரங்களை முன்கூட்டியே எண்ணிப் பழகினால், அவை நேரும்போது புதிய காயமாகத் தாக்கமாட்டா என்று ஒரு பாத்திரம் பேசும் பகுதி அது. அந்த நாடகம் அழிந்துவிட்டது. சிசரோ, புளூட்டார்க், கேலன் முதலியோர் எடுத்தாண்டதால் இப்பகுதி பிழைத்தது. கிரிசிப்பஸை மறுத்த பழைய நூலிலும் இவ்வரிகள் உண்டு. அங்கே அவை விவாதப் பொருள். இங்கே நாள்தோறும் செய்யவேண்டிய பயிற்சி. கொமோடஸ் பேரரசனின் கொடுங்கோலாட்சியில், எக்கணமும் தீவுக்குத் துரத்தப்படலாம் என்ற நிலையில், அப்பயிற்சியைத் தாம் மேற்கொண்டதாகக் கேலன் எழுதுகிறார்.

எல்லாத் துயரையும் வென்றவராக அவர் தம்மைக் காட்டிக்கொள்ளவும் இல்லை. பொருள் போனால் தாங்குவேன். தாய்நாடு பாழாவதையும், நண்பன் கொடுங்கோலனால் தண்டிக்கப்படுவதையும் அவ்வாறு தாங்குவேன் என்று சொல்லமாட்டேன் என்கிறார்.