பொலிகிடா சேரத் தயங்கினால் என்ன செய்வது?

தென்காசி, செங்கோட்டை, கடையம் வட்டாரங்களில் பத்துப் பன்னிரண்டு வெள்ளாடுகளை வைத்தே காலந்தள்ளும் குடும்பங்கள் பல உண்டு. இவர்கள் மூன்று மாதக் கிடாக்குட்டி ஒன்றை வாங்கி, வீட்டுத் திண்ணையில் கட்டி, பிள்ளைகள் கையாலேயே தழை ஊட்டி வளர்ப்பார்கள். கிடாவும் கொழுகொழுவென்று வளரும். ஆனால் பெட்டை ஆடுகளோடு விட்டால், முகர்ந்து பார்த்துவிட்டு வளர்த்தவர் பின்னாலேயே திரும்பி வந்துவிடும்.

இலஞ்சியை அடுத்த ஒரு சிற்றூரில் அம்மையார் ஒருவருக்கு இதே கவலை. பன்னிரண்டு பெட்டைகள், பதினான்கு மாத வயதுள்ள கன்னி இனக் கிடா ஒன்று. மூன்று மாதமாக ஓர் ஆடும் சினைப்படவில்லை. வெள்ளாடு 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். ஆகவே மூன்று மாதம் என்பது நான்கு வாய்ப்புகள் வீணானதற்குச் சமம். "கறிக்குத் தள்ளிவிடு" என்றார் ஒருவர். "ஊசி போடு" என்றார் மற்றொருவர். இரண்டுக்கும் அவசரப்பட வேண்டியதில்லை.

குறை கிடாவிடம்தானா?

முதலில் பார்க்க வேண்டியது பெட்டையை. பருவத்தில் இல்லாத ஆட்டை எந்தக் கிடாவும் நாடாது. நாடினாலும் பெட்டை நிற்காது. ஓயாமல் வாலை ஆட்டுதல், விட்டு விட்டுக் கத்துதல், அடிக்கடி சிறுநீர் கழித்தல், அறை சிவந்து தடித்துக் கண்ணாடி போன்ற திரவம் வடிதல், மேய்ச்சலில் நாட்டம் குறைதல் ஆகியவை பருவ அறிகுறிகள். இந்நிலை ஒன்று முதல் இரண்டு நாள் வரைதான் நீடிக்கும். காலையில் அறிகுறி கண்டால் அன்று மாலையும் மறுநாள் காலையும் சேர்க்க வேண்டும்.

மேற்படி அம்மையார் தமக்கு ஓய்வு கிடைத்த நாளில் ஆடுகளைக் கிடாவிடம் கொண்டுபோய் விட்டிருந்தார். அவற்றில் பல ஆடுகள் பருவத்திலேயே இல்லை. பாதிக் குறை அங்கேயே தெரிந்துவிட்டது.

கிடாவைச் சோதிக்கும் முறை

மீதிக் குறை கிடாவின் காலில் இருந்தது. கட்டிப்போட்டே வளர்த்ததால் குளம்பு நீண்டு வளைந்திருந்தது. பின்னங்கால் வலிக்கும் கிடா ஏறாது. சாரல் காலத்தில் ஈரத்தரையில் நிற்கும் ஆடுகளுக்குக் குளம்பு அழுகலும் வரும். ஆகவே குளம்பைச் சீராக வெட்டிவிட வேண்டும். நிற்கும் இடம் வழுக்காமலும் ஈரமில்லாமலும் இருக்க வேண்டும்.

அடுத்து விரைகளைத் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே அளவில், உறுதியாக, வலியின்றி இருப்பது நல்லது. ஒன்று இறங்காமலிருந்தால் அக்கிடா பொலிக்கு உதவாது. அதிகக் கொழுப்பும் கேடு, மெலிவும் கேடு. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், ஆனால் கைக்குத் தட்டுப்படும் அளவில் உடல் இருக்க வேண்டும்.

கிடா சிறுநீர் கழிக்க முக்கினால் தயங்காமல் மருத்துவரிடம் காட்டுக. தானியத்தை மிகுதியாகத் தின்னும் கிடாக்களுக்குச் சிறுநீர்க் கற்கள் உண்டாகி உயிருக்கே ஆபத்து நேரும். நாளொன்றுக்குக் கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை அடர்தீவனம் போதும். அகத்தி, வேலிமசால் போன்ற பசுந்தழையும், தாது உப்புக் கலவையும், எந்நேரமும் நல்ல தண்ணீரும் கொடுக்க வேண்டும். குடற்புழு நீக்கமும் அவசியம்.

வெயிலும் சாரலும்

சித்திரை, வைகாசி வெயிலில் கிடாவின் நாட்டம் குறையும்; விந்தின் தரமும் கெடும். குற்றாலத்தில் சாரல் தொடங்கிக் காற்று குளிர்ந்ததும் கிடா சுறுசுறுப்படைந்து ஏறத் தொடங்கும். ஆனால் ஏறுவது வேறு, சினை பிடிப்பது வேறு. விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறத்தாழ இரண்டு மாதமாகும். வைகாசி வெயிலில் கெட்டது ஆடி வரை தெரியும். எனவே கோடையில் கிடாவுக்கு நிழலும் தண்ணீரும் தருவது ஆவணி மாதச் சினைக்கு நாம் போடும் முதலீடு.

ஆவணி, புரட்டாசியில் சேர்ந்த ஆடு 150 நாளில், அதாவது தை, மாசியில் ஈனும். வடகிழக்குப் பருவமழையின் குளிர் ஓய்ந்து, அம்மழையில் தழைத்த பசுமை இன்னும் காயாத காலம் அது. குட்டிகள் தப்பிப் பிழைக்க ஏற்றது.

செல்லத்தை விடுவித்தல்

மனிதரோடு மட்டுமே வளர்ந்த கிடாவுக்குத் தன் இனத்தாரோடு பழகத் தெரிவதில்லை. அதைத் தினமும் மந்தையோடு மேய விட வேண்டும். முரட்டு ஆடுகள் முட்டினால் இளங்கிடா அஞ்சிவிடும். ஆகவே முதல் சேர்க்கைக்கு, ஏற்கெனவே ஈன்ற, சாந்தமான, முழுப் பருவத்திலுள்ள பெட்டையாகப் பார்த்து விட வேண்டும். கன்னி ஆடுகள் உயரமானவை. இளங்கிடாவுக்கு எட்டாவிட்டால் பெட்டையைச் சற்றுப் பள்ளமான இடத்தில் நிறுத்தலாம்.

குளிர்ந்த காலையோ மாலையோ ஏற்ற நேரம். ஊரே கூடி நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. கிடாவை அதட்டவோ அடிக்கவோ கூடாது. கால் மணி நேரத்தில் நாட்டம் காட்டாவிட்டால் பிரித்துவிட்டு, வேறொரு பருவப் பெட்டையைக் காட்டலாம். அனுபவமுள்ள கிடா சேர்வதை வேலிக்கு அப்பால் நின்று பார்த்தாலே தயங்கும் கிடாவுக்கும் நாட்டம் பிறப்பதுண்டு. ஆனால் வலுத்த கிடாவோடு ஒரே பட்டியில் அடைத்தால் இளையது ஒடுங்கிப்போகும்.

கடைகளில் கேட்டு ஆண்மை ஊக்கி ஊசி போடுவது வேண்டாம். வெளியிலிருந்து செலுத்தும் அந்தச் சுரப்புநீர், உடலிலேயே விந்து உற்பத்தியாவதைத் தடுத்துவிடும். கிடா ஏறும், ஆடு சினைப்படாது.

மிதமான உழைப்பு, உரிய காலத்தில் மாற்றம்

ஒரு வயதுக்குமுன் பொலிக்கு விடக் கூடாது. ஒன்றரை வயதுக்குமேல் 20 முதல் 25 பெட்டைகளுக்கு ஒரு கிடா போதும். நாளுக்கு ஒன்றிரண்டு சேர்க்கைக்குமேல் கூடாது. இடையில் ஓய்வு தர வேண்டும். தன் மகள்களோடு சேராதிருக்க இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கிடாவை மாற்றுக. இரவல் கிடாவால் கருச்சிதைவு நோய் பரவக்கூடும்; இரத்தப் பரிசோதனை செய்த பிறகே சேர்க்க வேண்டும்.

இத்தனையும் செய்து, இரண்டு மாதத்தில் மூன்று நான்கு பருவப் பெட்டைகளைக் காட்டியும் கிடா அசையாவிட்டால் அதைக் கழித்துவிடுவதே முறை. மந்தமான சுபாவம் ஓரளவு குட்டிகளுக்கும் இறங்கும்.

அம்மையாரின் கிடாவுக்கு அந்த நிலை வரவில்லை. குளம்பு வெட்டி, மந்தையோடு மேய விட்டு, பருவம் பார்த்துச் சேர்த்ததும், அடுத்த சுழற்சியிலேயே சினை பிடிக்கத் தொடங்கியது. செலவு என்று பெரிதாக எதுவுமில்லை. தினமும் காலையிலும் மாலையிலும் பட்டியருகே கால் மணி நேரம் நின்று பார்த்ததுதான் அவர் புதிதாகச் செய்த வேலை. ஆடு வளர்ப்போர் அனைவரும் இதைக் கடைப்பிடிக்கலாம். ஐயம் இருப்பின் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகிப் பயன்பெறுக.