காருக்கு அடியில் ஈரமா? போடிமெட்டு ஏறும் முன் இதைப் பாருங்க!

காலையில் காரை வெளியே எடுக்கும்போது, நின்ற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். ‘ஏசி தண்ணியா இருக்கும், விடுங்க’ என்று கிளம்பிவிடுபவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் அது ஏசி தண்ணிதான். ஆனால், தேவாரத்தில் இருந்து ராசிங்காபுரம், சிலமலை வழியாக போடி வந்து, முந்தல் தாண்டி மலை ஏறுபவர்களுக்கு அந்த ‘பெரும்பாலும்’ போதாது.

போடிமெட்டு பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது இன்ஜினுக்கும், இறங்கும்போது பிரேக்குக்கும் முழு வேலை. சமவெளியில் பல நாள் தாக்குப்பிடிக்கும் ஒரு கசிவு, மலையில் வண்டியை நடுவழியில் நிறுத்திவிடலாம். அல்லது நிறுத்தவே முடியாமல் செய்துவிடலாம்.

சொட்டுவது எது?

வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். நிறம், பிசுபிசுப்பு, வாசனை மூன்றும் சேர்ந்துதான் பதில் சொல்லும்.

* நிறமில்லை, வாசனையில்லை: ஏசி தண்ணீர். காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்து சொட்டுவது, கோளாறு அல்ல.
* பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு. லேசான இனிப்பு வாசனை: கூலன்ட். இதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். குழந்தைகளும் நாய்களும் நெருங்கும் முன் கழுவிவிடுங்கள்.
* தேன் நிறம் முதல் கறுப்பு வரை, வழவழப்பு: இன்ஜின் ஆயில்.
* சிவப்பு, எண்ணெய்ப் பசை: ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் அல்லது பவர் ஸ்டீயரிங் ஆயில்.
* வெளிர் மஞ்சள் அல்லது பழுப்பு, டயரின் உள்பக்கம் ஈரம்: பிரேக் ஆயிலாக இருக்கலாம். வண்டியை எடுக்காதீர்கள்.
* பெட்ரோல் வாசனை: ஸ்டார்ட் செய்யவே கூடாது.

அட்டைப்பெட்டி போதும்

பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, இரவில் காருக்கு அடியில் விரித்து வையுங்கள். டயர்கள் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எந்தப் பக்கம், எத்தனை இடத்தில், எவ்வளவு சொட்டியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். அதை போட்டோ எடுத்து மெக்கானிக்கிடம் காட்டினால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிதான் சிக்கல். சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு! மேலே ஒரு கேஸ்கட்டில் கசியும் ஆயில், இன்ஜின் மீது வழிந்து, ஓடும்போது காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, வேறெங்கோ சொட்டும். அதனால் ஈரமாக இருக்கும் பகுதியில் மிக உயரமான, மிக முன்னால் இருக்கும் புள்ளியைத் தேட வேண்டும். இன்ஜினைச் சுத்தமாகத் துடைத்து, கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடி பார்ப்பதே பழைய, நம்பகமான வழி. அப்படியும் பிடிபடாத கசிவுக்கு, ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் படுக்கக் கூடாது.

மலையில் ஏன் ஆபத்து அதிகம்?

கூலன்ட் அமைப்பு அழுத்தத்தில் இயங்குகிறது. அந்த அழுத்தத்தால்தான் 100 டிகிரி தாண்டியும் அது கொதிக்காமல் இருக்கிறது. கசிவு இருந்தால் அழுத்தம் நிற்காது. போதாக்குறைக்கு, 1,300 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆக, ஏற்றத்தில் இன்ஜின் சீக்கிரமே கொதிக்கும். அப்போது ஓரமாக நிறுத்துங்கள். சூடாக இருக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

பிரேக் கதை இன்னும் மோசம். மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவதே பிரேக் ஆயில்தான். அது காற்றில் உள்ள ஈரத்தையும் உறிஞ்சும். புதிய டாட் 4 வகை குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரி. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், அந்தச் சூட்டில் குமிழிகள் உண்டாகி பெடல் ‘புசுக்’கென்று உள்ளே போய்விடும். ஏற்கெனவே கசிவும் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

புறப்படும் முன் 2 நிமிடம்

பிரேக் ஆயில் டப்பாவில் அளவு ‘மின்’ கோட்டுக்கு மேல் இருக்கிறதா? பேடு தேய்ந்தாலும் அளவு மெதுவாகக் குறையும். திடீரென்று குறைந்தால் கசிவுதான். பல கார்களில் கிளட்ச்சும் இதே டப்பாவையே பயன்படுத்துவதால், கிளட்ச் பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து, வண்டி நிற்கும்போதே பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், அன்றைக்கு மெட்டுப் பயணம் வேண்டாம்.

‘ஊத்திக்கிட்டே போயிடலாம்’ என்பது வைப்பர் தண்ணீருக்குச் சரி. பிரேக் ஆயிலுக்குச் சரிவராது; மெக்கானிக் வண்டி நிற்கும் இடத்துக்கு வரட்டும்.