சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்: போட்டோ பிரிண்டர் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

மாலை வேளையில் கடைக்கு வரும் வாடிக்கையாளர் அரைக் கிலோ துவரம்பருப்பு வாங்கிக்கொண்டு, "அண்ணாச்சி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் போட்டோ கேட்கிறார்கள். பக்கத்தில் போட்டுத் தருபவர்கள் இருக்கிறார்களா?" என்று கேட்கிறார். படம் அவருடைய கைப்பேசியிலேயே இருக்கிறது. காகிதத்தில் வர வேண்டியதுதான் பாக்கி. இதைக் கேட்டதும் நம்மில் பலருக்கு, 'ஒரு பிரிண்டர் வாங்கி வைத்தால் என்ன?' என்ற எண்ணம் வருவது இயல்பே. வீட்டில் ஒரு பிரிண்டர் இருந்தால் குடும்பப் படங்களும் போட்டுக்கொள்ளலாம், கடைக்கும் நாலு காசு வரும் என்று தோன்றுகிறது.

எண்ணம் நல்லதுதான். ஆனால் எந்தச் சரக்கையும் அடக்க விலை தெரியாமல் விற்கிறவர் வணிகர் அல்லர். இன்க்ஜெட் பிரிண்டரைப் பொறுத்தவரை, கடையில் சொல்லும் விலை அடக்க விலையில் ஒரு சிறு பகுதிதான். மீதியெல்லாம் பிறகு சிறிது சிறிதாக வந்து சேரும். அந்தக் கணக்கை நம் உறுப்பினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இயந்திரம் வேலை செய்யும் விதம்

இன்க்ஜெட் என்பது மையைத் துளித்துளியாகக் காகிதத்தின் மேல் பீய்ச்சும் இயந்திரம். அதன் தலைப் பகுதியில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு துளையிலிருந்தும் வரும் துளியின் அளவைப் பிகோலிட்டர் என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு பிகோலிட்டர். போட்டோ பிரிண்டர்கள் சில பிகோலிட்டர் அளவுள்ள துளிகளையே தெளிக்கின்றன.

துளியை வெளியே தள்ளுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. கேனன், எச்.பி. நிறுவனங்களின் முறையில் மை ஒரு நொடியில் சிறு பங்கு நேரம் சூடாக்கப்பட்டு, அதில் எழும் குமிழி துளியைத் தள்ளுகிறது. எப்சன் முறையில் மின்சாரம் பட்டதும் வளையும் ஒரு நுண்பொருள் மையை அழுத்தித் தள்ளுகிறது. எச்.பி. நிறுவனம் 1984இல் திங்க்ஜெட், 1988இல் டெஸ்க்ஜெட் ஆகிய இயந்திரங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1994இல் எப்சன் வெளியிட்ட ஸ்டைலஸ் கலர், அங்குலத்துக்கு 720 புள்ளிகள் வீதம் அச்சிட்டு, வீட்டிலேயே வண்ணப் படம் போட முடியும் என்று காட்டியது.

சாதாரண இயந்திரத்தில் நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு என நான்கு மைகள் இருக்கும். போட்டோவுக்கென்றே செய்த பல இயந்திரங்களில் வெளிர்நீலமும் வெளிர்செந்நீலமும் சேர்த்து ஆறு இருக்கும். முகத்தின் நிறம் திட்டுத்திட்டாக இல்லாமல் மென்மையாக வருவதற்கு இந்தக் கூடுதல் மைகள் உதவுகின்றன.

மையின் விலையை லிட்டரில் பாருங்கள்

நாம் எண்ணெய் விற்கிறவர்கள். 100 மி.லி. பாக்கெட் விலையைச் சொன்னால் லிட்டர் என்ன விலை என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுவிடுவோம். அதே கணக்கை மைக்கும் போட வேண்டும். ஒரு பேச்சுக்கு, 8 மி.லி. மை உள்ள சிறு கார்ட்ரிட்ஜ் 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மி.லி.க்கு 100 ரூபாய் ஆகிறது. லிட்டர் கணக்கில் ஒரு லட்சம் ரூபாய்! பாட்டிலில் வரும் மை 70 மி.லி. 420 ரூபாய் என்று கொண்டால், மி.லி.க்கு 6 ரூபாய், லிட்டருக்கு 6,000 ரூபாய். நீங்கள் வாங்கப்போகும் இயந்திரத்தின் மைப் பெட்டியில் உள்ள அளவையும் விலையையும் இதேபோல் வகுத்துப் பாருங்கள். உண்மை விளங்கும்.

இயந்திரத்தை மலிவாகக் கொடுத்துவிட்டு மையில் லாபம் பார்ப்பது இத்தொழிலின் பழைய வழக்கம். ஷேவிங் ரேசரின் கைப்பிடியை மலிவாகக் கொடுத்துப் பிளேடில் காசு பார்ப்பதைப் போன்றதே இதுவும். இதை மாற்ற முயன்ற கோடாக் நிறுவனத்தின் அனுபவம் வணிகர்கள் அறிய வேண்டியது. கோடாக் 2007இல், இயந்திரத்தின் விலை சற்றுக் கூடுதல், மையின் விலை குறைவு என்று சொல்லிக் களத்தில் இறங்கியது. கணக்குப் பார்த்தால் வாங்குபவருக்கு அது லாபமாகவே இருக்கும். ஆனாலும் கடையில் நிற்கும் வாடிக்கையாளரின் கண்ணில் முதலில் படுவது இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டுதான். 2012 ஜனவரியில் கோடாக் திவால் சட்டப் பாதுகாப்பை நாடியது. வேறு காரணங்களும் அதற்கு இருந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் வீட்டு உபயோக இன்க்ஜெட் விற்பனையை நிறுத்தப்போவதாகவும் அறிவித்தது.

எப்சன் நிறுவனம் வேறு வழியில் போயிற்று. இந்தோனேசியாவில் கடைக்காரர்கள் பிரிண்டருக்கு வெளியே புட்டிகளை மாட்டி, குழாய் வைத்து மை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த அந்நிறுவனம் 2010 அக்டோபரில், பாட்டிலில் மை வாங்கி ஊற்றிக்கொள்ளும் டேங்க் இயந்திரத்தை அந்த நாட்டிலேயே முதலில் விற்பனைக்கு விட்டது. பின்னர் கேனனும் எச்.பி.யும் இவ்வகையைக் கொண்டுவந்தன. டேங்க் இயந்திரத்துக்கு முதலீடு அதிகம், மைச் செலவு குறைவு. அடிக்கடி அச்சிடுபவருக்கு இதுவே ஏற்றது.

பெட்டியின் மேல் போட்டிருக்கும் எண்

'இத்தனை பக்கம் அச்சாகும்' என்று மைப் பெட்டியின் மேல் போட்டிருப்பார்கள். இது பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. 24711, 24712 என்ற தர முறைகளின்படி, அலுவலகக் கடிதம் போன்ற மாதிரிப் பக்கங்களைச் சாதாரணத் தாளில் அச்சிட்டுக் கணக்கிட்டது. கடிதத்தில் பெரும்பகுதி வெற்றிடம். போட்டோவிலோ தாள் முழுவதும் மை. ஆகவே அந்த எண்ணை போட்டோவுக்கு எடுத்துக்கொண்டால் ஏமாந்து போவோம்.

இதைத் தவிர, அச்சிடாமலே தீரும் மையும் உண்டு. துளைகள் அடைத்துக்கொண்டால் இயந்திரம் மையைப் பாய்ச்சித் தன்னைச் சுத்தம் செய்துகொள்கிறது. அந்தக் கழிவு மை உள்ளே உள்ள பஞ்சில் போய்ச் சேரும். பஞ்சு நிறைந்துவிட்டால் பல இயந்திரங்கள் வேலை செய்ய மறுக்கும். மூன்று வண்ணங்களும் ஒரே கார்ட்ரிட்ஜில் இருக்கும் வகையில், ஒரு வண்ணம் தீர்ந்தாலே மற்ற இரண்டையும் சேர்த்துத் தூக்கிப்போட வேண்டியிருக்கும்.

அடக்க விலை போடும் முறை

கீழே வரும் தொகைகள் முறையை விளக்குவதற்காக மட்டுமே. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

டேங்க் இயந்திரம் 15,000 ரூபாய், மூன்று ஆண்டு உழைக்கும் என்று கொள்வோம். மாதத் தேய்மானம் ஏறக்குறைய 417 ரூபாய். நாலுக்கு ஆறு அங்குலத் தாள் ஒன்று 5 ரூபாய், மை 3 ரூபாய், ஆக 8 ரூபாய். பத்தில் ஒன்று கெட்டுப்போகும். ஆகவே பத்துத் தாளின் செலவான 80 ரூபாயை ஒன்பது தாள்தான் சுமக்க வேண்டும். தாளுக்கு 8 ரூபாய் 89 காசு ஆகிறது.

மாதம் 40 தாள் விற்றால் தேய்மானம் தாளுக்கு 10 ரூபாய் 42 காசு. அடக்கம் 19 ரூபாய் 31 காசு. மாதம் 400 தாள் விற்றால் தேய்மானம் 1 ரூபாய் 4 காசுதான். அடக்கம் 9 ரூபாய் 93 காசு. இயந்திரமும் மையும் ஒன்றே. விற்பனை குறைந்தால் அடக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது. இதில் மின்சாரமும் நம் நேரமும் சேரவில்லை. மாலையில் கூட்டம் நிற்கும்போது கல்லாவை விட்டு எழுந்து ஒருவர் முகத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தால், பருப்பு வாங்க வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அதுவும் செலவுதான்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆதார் பதிவிலும் பாஸ்போர்ட் சேவா மையத்திலும் படத்தை அங்கேயே எடுத்துக்கொள்கிறார்கள். இணையத்தில் அனுப்பும் பல விண்ணப்பங்களுக்குக் காகிதப் படமே வேண்டாம். ஆகவே முதலில் ஒரு நோட்டில், மாதத்தில் எத்தனை பேர் போட்டோ கேட்டு வந்தார்கள் என்று குறித்து வாருங்கள். இரண்டு மாதக் குறிப்பைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.

வாங்கிய பிறகு கவனிக்க வேண்டியவை

1. இரவு கடை சாத்தும்போது மெயின் சுவிட்சை நேரே அணைப்பது நம் வழக்கம். பிரிண்டரை அப்படி அணைக்கக் கூடாது. முதலில் இயந்திரத்திலுள்ள பொத்தானை அழுத்தி அணைக்க வேண்டும். அப்போதுதான் அச்சுத் தலை தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். பாதி வழியில் மின்சாரம் நின்றால் தலை திறந்தே கிடந்து மை காய்ந்துவிடும். இந்த ஒரு பழக்கமே பல இயந்திரங்களைக் காப்பாற்றும்.

2. சும்மா கிடந்தாலும் மை காயும். வாரத்துக்கு ஒரு முறையாவது எல்லா வண்ணமும் உள்ள ஒரு பக்கத்தை அச்சிடுங்கள்.

3. மிளகாய்த்தூள், மாவு, சாக்குத் தூசி ஆகியவை பிரிண்டருக்கு எமன். தராசுக்கு அருகில் வைக்காமல் உள்ளறையில் மூடி வையுங்கள்.

4. போட்டோ தாளில் மை உறிஞ்சும் பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். அந்தப் பக்கத்தில்தான் அச்சிட வேண்டும். எந்தத் தாள் என்பதைக் கணினியிலும் சரியாகக் குறிக்க வேண்டும். தாளுக்கேற்பவே இயந்திரம் மையின் அளவை மாற்றுகிறது. தவறாகக் குறித்தால் படம் ஈசிக்கொள்ளும். மீதித் தாளை உறையிலிட்டு ஈரம் படாமல் வையுங்கள்.

5. நாலுக்கு ஆறு படம் தெளிவாக வர அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 1,200க்கு 1,800, அதாவது 21,60,000 புள்ளிகள் வேண்டும். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பும் படம் சுருங்கி வரும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி வாங்கினால் முழு அளவில் கிடைக்கும்.

6. மூன்றரைக்கு நாலரை சென்டிமீட்டர் படங்கள் ஒரு நாலுக்கு ஆறு தாளில் எட்டு அடங்கும். அச்சிடும்போது தாளுக்கேற்ப விரிக்கும் வசதியை விட்டு, அசல் அளவைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் அளவு மாறி விண்ணப்பம் திரும்பி வரும்.

7. வாடிக்கையாளரின் படத்தையும் அடையாளச் சீட்டுகளையும் வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். நம்பிக் கொடுத்தவற்றை வைத்திருப்பது முறையல்ல.

8. தள்ளுபடி விளம்பரத்துக்காக ரூபாய் நோட்டைப் போலவே துண்டறிக்கை அச்சிடச் சிலருக்கு ஆசை வரும். விளையாட்டுக்குக்கூட வேண்டாம். நோட்டைப் போலத் தோன்றும் தாளை அச்சிடுவதும் சட்டப்படி குற்றம்.

ஸ்டூடியோவா, நம் இயந்திரமா?

இன்க்ஜெட் மையில் டை, பிக்மென்ட் என இரு வகை. டை என்பது நீரில் கரைந்த சாயம். நிறம் பளிச்சென்று இருக்கும், ஆனால் வெயிலிலும் காற்றிலும் சீக்கிரம் வெளுக்கும். பிக்மென்ட் என்பது கரையாத நுண்துகள். வெளுப்பது மெதுவாகவே நடக்கும். வீட்டு உபயோக இயந்திரங்களின் வண்ண மைகளில் டை வகையே அதிகம் காணப்படுகிறது. பெற்றோர் படத்தைப் போட்டுக் கடைச் சுவரில் மாட்டுவதானால் கண்ணாடிச் சட்டமிட்டு, வெயில் விழாத பக்கம் மாட்டுங்கள்.

கல்யாணப் படம் 200 வேண்டுமென்றால் லேப்தான் சரி. அங்கே ஒளி பட்டுப் பதியும் போட்டோ தாளில் போடுகிறார்கள். மொத்தமாகப் போடும்போது விலையும் கட்டுப்படியாகும். உடனுக்குடன் பாஸ்போர்ட் படம் தரும் ஸ்டூடியோக்கள் பலவற்றில் டை சப்ளிமேஷன் என்ற வேறு வகை இயந்திரம் உண்டு. ரிப்பனும் தாளும் சேர்ந்து இத்தனை படம் என்று எண்ணி வரும். மை காய்வதில்லை. ஒரு படத்தின் அடக்கம் முன்கூட்டியே தெரியும். போட்டோவையே தொழிலாகச் செய்ய நினைப்பவர் அதையும் விசாரித்துப் பார்க்கலாம்.

ஆக, நாம் சொல்வது இதுதான். பில், விலைப்பட்டியல், பிள்ளைகளின் பள்ளி வேலை என்று பிரிண்டர் தினமும் ஓடும் வீட்டில் போட்டோவும் ஒரு கூடுதல் வருமானமாகச் சேரலாம். அங்கே தேய்மானத்தை எல்லா வேலையும் பங்கிட்டுக்கொள்ளும். போட்டோவுக்காக மட்டும் வாங்கி, மாதம் நாலு பேருக்குப் போட்டுத் தருவதானால், பக்கத்து ஸ்டூடியோக்காரரைக் கைகாட்டி விடுவதே நல்லது. அவரும் நம்மைப் போன்ற சிறு வணிகர்தான். மளிகை வாங்க அவர் நம் கடைக்கு வருவார்.

விலைச்சீட்டைப் பார்த்து வாங்காதீர்கள். மையின் விலையைப் பார்த்து, நோட்டில் குறித்த எண்ணைப் பார்த்து, பிறகு கல்லாவைத் திறங்கள்.